திரை வாசிக்கும் ஜெனிபர்

ஜெனிபர் என்ன வேலை செய்கிறாள் என்பதைக் கவரைப்பேட்டையில் இதுவரை யாரும் ஒரே மூச்சில் சொல்லி முடித்ததில்லை. பகல் வேலையைச் சொல்லிவிடலாம். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு கம்பி ஆலையின் வாசலருகே, கன்ட்ரோல் ரூம் என்ற பெயருடைய குளிர்ந்த பெட்டிக்குள் உட்கார்ந்து, சுவர் முழுக்க மாட்டியிருக்கும் கண்காணிப்புத் திரைகளைப் பார்ப்பது. "எங்க ஊட்டுப் பொண்ணு கம்பெனியில டிவி பாக்குது, அதுக்கு சம்பளமும் தர்றான்" என்று அவள் மாமியார் சாராள், பெருமையையும் சந்தேகத்தையும் சம அளவில் கலந்து பக்கத்து வீடுகளுக்கு அறிவித்திருந்தாள்.

சிக்கல் விடுமுறை நாள் வேலையில்தான். பாட்டுக் கச்சேரி மேடைகளில் பாடகர்களுக்குப் பின்னால் மாடி வீட்டு உயரத்துக்கு எல்.இ.டி. திரை நிற்கிறது. அதில் பாடுகிறவர் முகம் பெரிதாகிறது, முகத்துக்குப் பின்னால் நெருப்பு பறக்கிறது, ட்ரம்ஸ் அடிக்கு அடி நெருப்பு நீலமாகிறது, நீலம் உடைந்து கோலமாகிறது. அதெல்லாம் கரண்ட் கொடுத்தால் தானாக நடப்பது என்றே பொதுமக்கள் நம்புகிறார்கள். மேடைக்கு எதிரே ஒரு மேசை போட்டு, லேப்டாப்பும், ஏற்றி இறக்கும் குமிழ்கள் வரிசையாக வைத்த ஒரு ஸ்லைடர் பெட்டியுமாக ஒருத்தி உட்கார்ந்து, அத்தனையையும் அந்தந்த நொடியில் கலந்து அனுப்புகிறாள் என்பது அவர்களுக்குத் தெரியாது. சாராளுக்கும் தெரியவில்லை. தெரிந்துகொள்ள முயன்றாள் என்பதை மட்டும் பதிவு செய்தாக வேண்டும்.

"நீ படம் எடுக்கிறியா?"

"இல்லத்தே."

"அப்ப படம் ஓட்டறியா?"

"அதுவும் இல்லத்தே. நாலஞ்சு படத்த ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கி வச்சிக்கினு, பாட்டுக்குத் தக்கன அங்கயே கலந்து கலந்து உடறேன்."

சாராள் தீர்ப்பு சொன்னாள்.

"அப்ப ரிமோட்டு."

"சரி, ரிமோட்டுதான்" என்றாள் ஜெனிபர். கலைஞர்கள் குடும்பத்தில் அமைதி காக்கச் சில விட்டுக்கொடுத்தல்களைச் செய்துதான் ஆகவேண்டும்.

மகத்தான வாழ்வுகளுக்கு எளிய தொடக்கம் அமைவது வழக்கம். ஜெனிபருடைய தொடக்கம் சர்ச்சில் பாட்டு வரிகளைச் சுவரில் காட்டியது. அப்பா ஆரணிப் பக்கத்தில் கூலிக்கு நாற்று நட்டவர். பிறகு சிப்காட் கேன்டீனில் சட்டி கழுவி மகளை பி.காம். படிக்க வைத்தார். படித்த பிள்ளை என்பதால் ஞாயிற்றுக்கிழமை ப்ரொஜெக்டர் அவள் கைக்கு வந்தது. அந்தச் சபையின் போதகர் முதல் சரணம் முடிந்ததும் இரண்டாவதற்குப் போகும் சாதாரண மனிதரல்லர். ஆவி ஏவினால் நான்காவதற்குத் தாவுவார். அங்கிருந்து பல்லவிக்கு வருவார். பல்லவியின் பாதியில் நின்று ஜெபம் செய்வார். ஜெபம் முடியும்போது வேறு பாட்டில் இருப்பார். அவர் மூச்சை இழுக்கும் விதத்தை வைத்தே அடுத்து எங்கே குதிப்பார் என்று கண்டுபிடித்து, வரியைச் சுவரில் போட்டாள் ஜெனிபர். உலகின் பெரிய நகரங்களில் இந்தக் கலைக்குப் பயிற்சிக்கூடங்கள் இருப்பதாகச் சொல்கிறார்கள். இவ்வளவு கடுமையான பயிற்சி அங்கே கிடைக்குமா என்பது ஐயமே.

பிறகு ஒரு நாள் வெளிநாட்டில் எவனோ ஒருவன், இருட்டு மண்டபத்தில் பாட்டுக்கு ஏற்பப் படங்களைக் கலக்கும் வீடியோவைக் கைபேசியில் பார்த்தாள். அதே மென்பொருளை இறக்கினாள். முதலில் கிடைத்தது காசு கட்டாத பதிப்பு. திரையின் குறுக்கே மென்பொருள் கம்பெனியின் முத்திரை வந்து வந்து நிற்கும். ஊத்துக்கோட்டையில் ஒரு வரவேற்பில் அந்த முத்திரையைப் பார்த்த பெண் வீட்டார், மாப்பிள்ளை வேலை செய்யும் கம்பெனி அதுதான் என்று நினைத்து, இவ்வளவு பெரிய இடமா என்று மகிழ்ந்துபோனார்கள். அவர்களைத் திருத்துவது நாகரிகமாகாது என்று ஜெனிபர் பேசாமல் இருந்துவிட்டாள். அடுத்த போனஸில் முத்திரை வராத பதிப்பை வாங்கினாள்.

வாங்கிய பிறகும் ஒரு தடை இருந்தது. இந்த வட்டாரத்தில் ரோஜா இதழ் விழாமல் எந்தத் திருமணமும் செல்லாது. இதழ் விழ வேண்டும், தங்கத்தூள் பறக்க வேண்டும், இரண்டு அன்னம் மூக்கோடு மூக்கு வைத்து இதயம் வரைய வேண்டும். இவை இணையத்தில் யாரோ செய்து வைத்தவை. பொதட்டூர்பேட்டையிலும் அதே அன்னம்தான், பொன்னேரியிலும் அதே அன்னம்தான். கன்ட்ரோல் ரூமில் நாள் முழுக்க நிஜ உலகத்தையே பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது பொறுக்கவில்லை. தானே எடுக்க ஆரம்பித்தாள். ஷேர் ஆட்டோவுக்குள் ஓடும் வண்ண விளக்கு, கூலிங் டவரில் கொட்டும் தண்ணீர், பழவேற்காட்டில் வலை உதறும்போது தெறிக்கும் செதில். எல்லாம் சில நொடித் துண்டுகள். ஒவ்வொன்றும் முடிந்த இடத்தில் மறுபடி தொடங்கும்படி வெட்டி வைத்தாள். அன்னங்கள் மெல்ல மெல்ல ஓய்வு பெற்றன.

அவளை அழைத்துப் போவது பழவேற்காடு ஷஃபியுல்லாவின் 'கடற்காற்று இன்னிசைக் குழு'. ஷஃபியுல்லா பகலில் பொன்னேரியில் ஜவுளிக்கடை வைத்திருப்பவர். மாலையில் கோட் போட்டுக்கொண்டு மைக் பிடிப்பவர். அவருடைய கச்சேரியில் பாட்டுகளை விட முக்கியமான ஒரு சடங்கு உண்டு. பாதிக் கச்சேரியில் விளக்கைக் குறைத்து, ஒவ்வொரு கலைஞராக அறிமுகம் செய்வார். "கீபோர்டில்" என்று இழுத்துப் பெயரைச் சொல்வார்; அந்த ஆள் சற்று நேரம் தன் கைவரிசையைக் காட்டுவார்; கூட்டம் கைதட்டும். ட்ரம்ஸ் ரகுவுக்கு அறிமுகம் உண்டு. தாம்பரின் குலுக்குகிறவருக்கு உண்டு. முடிவில் பந்தல் போட்டவர், பிரியாணி செய்தவர் வரைக்கும் நன்றி உண்டு. ஒவ்வொரு பெயரும் சொல்லப்படும்போது அந்தப் பெயரைத் தங்க எழுத்தில் திரையில் பூக்கவைப்பது ஜெனிபர். அவள் பெயர் மட்டும் ஒருநாளும் வந்ததில்லை.

ஆயுதபூஜைக்கு அவள் வேலை செய்யும் ஆலையிலேயே கச்சேரி என்று முடிவானபோது, ஜெனிபர் ஜவுளிக்கடைக்குப் போனாள். தன்னுடைய சொந்த ஆலையில், சொந்த ஜனத்துக்கு முன்னால், மாமியார் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும்போது பெயர் வராமல் போனால், பிறகு இந்த ஜென்மத்துக்கும் அவள் ரிமோட்டுதான்.

"பாய், உங்கள ஒண்ணு கேக்கணும்."

"சம்பளமா?"

"இல்ல பாய்."

"அப்ப தாராளமா கேளும்மா."

"அறிமுகத்துல எம் பேரு வர்றதே இல்ல."

ஷஃபியுல்லா மடித்துக்கொண்டிருந்த லுங்கியைக் கீழே வைத்தார். "உன்ன மறந்தா பூட்டேன்? கடைசியில சரவணகுமார் சவுண்ட் சர்வீஸுன்னு சொல்றேனே. அதுக்குள்ள நீ இருக்கிற."

"அதுக்குள்ள ஜெனரேட்டரும் இருக்குது பாய்."

அது உண்மைதான். ஆனால் கொள்கை என்று ஒன்று இருக்கிறது.

"இத பாரு ஜெனி. அறிமுகம்னா கையில ஒரு வாத்தியம் இருக்கணும். பேரச் சொன்னதும் நாலு தட்டு தட்டணும், இல்ல நாலு இழுப்பு இழுக்கணும். நீ இன்னாத்த வாசிப்ப?"

"திரைய வாசிப்பேன்."

எந்தத் துணியையும் விரித்துப் பார்க்காமல் வேண்டாம் என்று சொல்லாதவர் ஷஃபியுல்லா. இதையும் மனதுக்குள் ஒருமுறை விரித்துப் பார்த்தார்.

"சரி. ரகு அடிப்பான். நீ உன் திரைய அவனோட உடு. ரெண்டும் ஏறுனதும் நான் அவன நிறுத்தச் சொல்லிடுவேன். அவன் நின்னதுக்கு அப்பாலயும் ஜனம் உன் திரையப் பாத்து கை தட்டுச்சுன்னா, பேரு சொல்றேன். எழுந்து டீ குடிக்கப் போச்சுன்னா, சவுண்ட் சர்வீஸுக்குள்ளயே பேஜாரு இல்லாம குந்திக்கோ."

"சரி பாய்."

"ரோஜாப்பூ கூடாது."

"நான் எப்பவோ உட்டுட்டேன் பாய்."

அன்றிலிருந்து கவரைப்பேட்டையில் ஒரு வாடகை வீட்டின் கூடம் ஒத்திகை மண்டபமானது. சுவரில் வெள்ளை வேட்டி. எதிரே லேப்டாப்பும் சர்ச்சில் இரவல் வாங்கிய ப்ரொஜெக்டரும். ட்ரம்ஸுக்குப் பதிலாக அவள் கணவன் சாலமோன், குளியலறை பிளாஸ்டிக் பக்கெட்டோடு. சாலமோன் வேறொரு தொழிற்சாலையில் ஃபிட்டர். கச்சேரி நாட்களில் அவளுக்குக் கேமராமேன். பக்கெட்டில் தாளம் எப்போதும் சற்று முன்னால் ஓடும். ஸ்லைடர் பெட்டியின் ஓரத்தில் ஒரு பொத்தான் உண்டு. தாளத்துக்கு ஏற்ப அதைத் தட்டிக்கொண்டே இருந்தால், படங்கள் அந்த வேகத்தைப் பிடித்துக்கொண்டு தாமும் துடிக்கும். சாலமோனின் பக்கெட்டைப் பிடித்த எந்தப் படமும் மூச்சு வாங்கியது.

"எங்க ஓடற? ரயிலு புடிக்கவா?"

"நான் சரியாத்தான் அடிக்கறேன். உன் கம்ப்யூட்டருதான் ஸ்லோ."

இந்த வாதத்தில் பக்கெட் விரிசல் விட்டது. கலைக்காகக் குடும்பம் செய்த முதல் தியாகம் அது.

வாசிக்கப்போகும் படத்தை அவள் ஏற்கெனவே எடுத்துவிட்டிருந்தாள். உலையிலிருந்து செக்கச் சிவந்த இரும்பு வெளியே வந்து, உருளைகளுக்கு நடுவில் புகுந்து, பாம்பாக நீண்டு ஓடும் காட்சி. அனுமதி கேட்டுப் பாதுகாப்பு அதிகாரியிடம் போனபோது அவர் ஹெல்மெட், பூட்ஸ், கண்ணாடி அனைத்தையும் மாட்டவைத்தார். கைபேசிக்கும் ஹெல்மெட் உண்டா என்று சிறிது நேரம் யோசித்ததாகவும் தெரிகிறது. அந்தக் கம்பியைத் தினமும் கண்காணிப்புத் திரையில் சாம்பல் நிறத்தில் பார்த்துவந்தவள் ஜெனிபர். நேரில் அதன் நிறத்தைப் பார்த்ததும், இதைப் பெரிய திரையில் போடாவிட்டால் பாவம் என்று தீர்மானித்துவிட்டாள்.

ஆயுதபூஜை வந்தது. ஆலையில் ஆயுதபூஜை என்றால் அது மூத்த ஃபிட்டர் குணாவின் நாள். சந்தனக் கிண்ணமும் குங்குமமும் அவர் கையில்தான். அவருடைய சட்டம் இரண்டே வரி. பொட்டு இல்லாத ஆயுதம் மில்லுக்குள் இருக்கக் கூடாது. பொட்டு ஆயுதத்தின் மிக முக்கியமான இடத்தில் இருக்க வேண்டும். அதன்படி உலை வாயிலும் கிரேன் கொக்கியிலும் ஃபோர்க்லிஃப்ட் கம்பிகளிலும் பொட்டு வைத்துவிட்டு, தீயணைப்பான், தண்ணீர் கூலர், வருகைப் பதிவு எந்திரம் என்று முன்னேறினார். வருகைப் பதிவு எந்திரத்தின் முக்கியமான இடம் விரல் வைக்கும் கண்ணாடி என்று அவர் சரியாகவே கணித்ததால், அன்று மதியத்துக்கு மேல் யாருடைய வருகையும் பதிவாகவில்லை. அதைக் குறையாகச் சொன்னவர் எவருமில்லை.

ஆலை ஷெட்டில் போட்ட மேடைக்கு எதிரே மேசையை அமைத்து, கேமராவை உயரமான ஸ்டாண்டில் நிறுத்திவிட்டு, ஜெனிபர் கேன்டீனுக்குச் சுண்டல் வாங்கப் போனாள். திரும்பி வந்தபோது மேசை மங்கலமாக இருந்தது. லேப்டாப்பின் நெற்றியில் பொட்டு. ஸ்லைடர் பெட்டியின் ஒவ்வொரு குமிழிலும் பொத்தானிலும், பொறுமையாக, ஒரே அளவில், ஒரு சின்னப் பொட்டு. குணா பக்கத்தில் நின்று தன் வேலையைத் தலைசாய்த்து ரசித்துக்கொண்டிருந்தார்.

"வச்சிட்டேம்மா. ஆனா ஒரு சிக்கல் கீது. பூஜ போட்ட ஆயுதத்த நாளிக்கி வரிக்கும் எடுக்கக் கூடாது. தெரியும்ல?"

ஜெனிபரின் வாயில் சுண்டல் நின்றது. "அப்ப மேடையில கீபோர்டு, ட்ரம்ஸு எல்லாத்துக்கும் வச்சிருக்கியேண்ணா. அவங்க மட்டும் வாசிக்கலாமா?"

"அது வாத்தியம். வாத்தியத்துக்கு வாசிக்கறதே பூஜ. மிஷினுக்குத்தான் லீவு." குணா ஸ்லைடர் பெட்டியைக் குனிந்து பார்த்தார். "இது இன்னா? மிஷினா, வாத்தியமா? அத சொல்லிடு, நான் போய்க்கினே இருக்கேன்."

மேடையில் மைக் சோதித்துக்கொண்டிருந்த ஷஃபியுல்லாவுக்கு இந்தக் கேள்வி கேட்டது. சோதனையை நிறுத்திவிட்டு, பேரம் கேட்டுப் பழகிய ஜவுளிக்கடைக்காரரின் காதோடு பதிலுக்குக் காத்திருந்தார்.

"வாத்தியம்ணா" என்றாள் ஜெனிபர்.

"அப்ப சரி. வாசி." குணா கிண்ணத்தோடு ஜி.எம்.மின் காரை நோக்கி நடந்தார்.

ஷஃபியுல்லா மைக்கில் ஒன்று இரண்டு மூன்று சொன்னார். 

மாலை சாய்ந்ததும் குடும்பங்கள் வந்தன. சாராள் பட்டுப்புடவையில் முன்வரிசையில் உட்கார்ந்து, இடப்பக்கம் இருந்த அம்மாளிடம், "அதோ அந்த மேஜ, நம்ம மருமவதான்" என்றாள். "இன்னா பண்ணுது?" என்று கேட்கப்பட்டபோது தண்ணீர் பாட்டிலைத் திறந்து குடித்தாள்.

கடவுள் வாழ்த்துக்கு விளக்குச் சுடர் படம் ஓடியது. குறையில்லை. அடுத்து ஜி.எம். வரவேற்புரை. ஒடிசாக்காரரான அவர் தமிழில் நான்கு வாக்கியம் மனப்பாடம் செய்து வந்திருந்தார். அவர் மைக்கைத் தொட்டதும் ஜெனிபர் அன்று முதல் முறையாகக் கேமராவுக்குரிய ஸ்லைடரை ஏற்றினாள். மாடி உயரத் திரையில் ஜி.எம்.மின் கோட் தெரிந்தது, டை தெரிந்தது. முகம் இருக்க வேண்டிய இடத்தில், ஓரம் கரைந்த செக்கச்சிவந்த ஓர் உருண்டை, மஞ்சள் வளையத்தோடு தகதகவென்று நின்று, "அனைவருக்கும் வணக்கம்" என்றது.

கூட்டம் கழுத்தை நீட்டிப் பார்த்தது. தலையில்லாத ஜி.எம்.மை யாரும் அதற்கு முன் பார்த்ததில்லை.

கேமரா ஸ்டாண்ட் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. ஜெனிபர் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள். "இன்னாங்க அது, மூஞ்சி மேல?"

"பொட்டு" என்றான் சாலமோன். அவனும் அப்போதுதான் பார்த்தான். "லென்ஸு மேல."

"யாரு வச்சது?"

"குணாண்ணன்தான். இதுல எது முக்கியமான எடம்னு கேட்டாரு. கண்ணுதாண்ணான்னு சொன்னேன்."

"வேற எதையாவது சொல்லியிருக்கக் கூடாதா?"

"பூஜ நாளும் அதுவுமா பொய் சொல்லச் சொல்றியா?"

சாலமோன் கைக்குட்டையை எடுத்தான். ஜெனிபர் அவன் கையைப் பிடித்தாள். எண்ணெய் விட்டுக் குழைத்த சந்தனம். தொட்டால் லென்ஸ் முழுக்கப் பூசிக்கொள்ளும். அது ஒரு காரணம். இரண்டாவது காரணம் முன்வரிசையில் கைகட்டி உட்கார்ந்து, கேமராவையே கண்ணிமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தொடைக்காத. இத்தினி பேரு பாக்கறாங்க. நாளைக்கு ஃபோர்க்லிஃப்ட் பஞ்சர் ஆனாக்கூட நாமதான் பொட்ட அழிச்சோம்னு சொல்லுவாங்க. கேமராவக் கொஞ்சம் மேல தூக்கு. இன்னும். ஆங், நில்லு."

கேமரா நிமிர்ந்தது. திரையில் ஜி.எம். கீழே இறங்கினார். உருண்டைக்கு அடியிலிருந்து முதலில் மோவாய் வந்தது, மூக்கு வந்தது, கண் வந்தது. புருவம் வெளிப்பட்ட இடத்தில் சாலமோன் நிறுத்தினான். இப்போது ஜி.எம்.மின் நெற்றி முழுவதையும் நிறைத்துக்கொண்டு, அம்மன் சிலைக்கு வைப்பது போன்ற ஒரு மகா பொட்டு சுடர்விட்டது.

கூட்டம் ஆரவாரித்தது. ஜி.எம். திரும்பிப் பார்த்தார். தன் உருவத்தைத் தானே கண்டு, மூன்றாவது வாக்கியத்தை மறந்து, திரையை நோக்கி இரு கைகளையும் கூப்பினார். ஆலையின் வரலாற்றில் மிகச் சிறந்த வரவேற்புரை அதுவே என்று பிற்பாடு தொழிற்சங்கமும் நிர்வாகமும் ஒருமனதாக ஒப்புக்கொண்டன. அவை ஒருமனதாக ஒப்புக்கொண்ட வேறு விஷயம் இல்லை.

அந்தக் கைதட்டல் ஜி.எம்.முடையது. ஜெனிபருக்கு அது தெரியும். அவள் பிரச்சினை இனிமேல்தான். ஒத்திகை பார்த்த திட்டப்படி, கம்பி படத்தின் நடுவில் ரகுவின் முகமும் கையும் கேமராவிலிருந்து வந்து கலக்க வேண்டும். இப்போது கேமரா எதைக் காட்டினாலும் அதன் நட்டநடுவில் ஒரு சிவப்பு உருண்டை இருக்கும். கேமராவை விட்டுவிட்டு வெறும் கம்பியை ஓட்டலாம். அப்படி ஓட்டினால் அது ஓட்டுவது, வாசிப்பது ஆகாது. சாராள் சொன்ன ரிமோட்டு அதுதான்.

பாட்டுகள் போய்க்கொண்டிருந்தன. கிறிஸ்டினா என்ற பாடகி சோகப்பாட்டு பாடும்போதுகூட நெற்றியில் அந்தப் பொட்டோடுதான் அழுதாள். கை தன்போக்கில் வேலை செய்ய, ஜெனிபர் உருண்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே சிவப்பு. சுற்றி மஞ்சள். ஓரம் அலைகிறது. மேடை விளக்கு மாறும்போதெல்லாம் மூச்சுவிடுவதுபோல் பொங்கித் தணிகிறது. நிறத்தைக் கழித்துவிட்டால் இதை வேறெங்கோ தினமும் பார்க்கிறோமே என்று தோன்றியது. கன்ட்ரோல் ரூம் சுவரில், மேல் வரிசையில், வலது ஓரத்தில்.

"சாலமோன்" என்றாள். கோபத்திலும் பெருமகிழ்ச்சியிலும் மட்டுமே அவள் கணவனைப் பெயர் சொல்லி அழைப்பாள். "கேமராவ மேடையிலேர்ந்து திருப்பு. ஜனத்தக் காட்டு. நான் சொன்னா ஒழிய ஆட்டாத."

விளக்கு குறைந்தது. ஷஃபியுல்லா "ட்ரம்ஸில்" என்று இழுத்தார். ரகுவின் பெயர் தங்க எழுத்தில் பூத்தது. ரகு அடிக்க ஆரம்பித்தான். ஜெனிபர் வேகம் பிடிக்கும் பொத்தானைத் தட்டினாள். குங்குமம் விரலில் ஒட்டியது.

முதலில் திரை இருண்டிருந்தது. அந்த இருட்டுக்கு நடுவில் உருண்டை மட்டும் மெல்ல ஏறியது. ரகுவின் அடிக்கு ஒருமுறை அது பெருத்தது. பெருத்து, பொங்கி, திரையின் நடுவில் உலை வாயாக நின்றது. கூட்டத்தில் யாரோ, "ஏய், நம்ம ஃபர்னஸ்ரா" என்றார்கள். அடுத்த அடியில் அந்த வாயிலிருந்து சிவந்த கம்பி பாய்ந்து வெளியே வந்தது. ஓர் அடிக்கு ஒரு கம்பி. இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று. ஜெனிபர் ஒரு குமிழைத் திருகினாள். கம்பிகள் மடங்கி, பிரதிபலித்து, பெருகி, உலையைச் சுற்றிப் புள்ளி வைத்த கோலமாகச் சுழன்றன. பொட்டு ஓடவில்லை, நகரவில்லை. அதைச் சுற்றியே எல்லாம் ஓடியது.

ஷஃபியுல்லா கையை உயர்த்தினார். ரகு நின்றான்.

ஒரே சத்தம் ஜெனரேட்டருடையது.

திரையில் கம்பிகள் அணைந்தன. உருண்டையும் கருத்தது. பின்வரிசையில் நாற்காலி நகரும் ஓசை கேட்டது. யாரோ டீக்கு எழுகிறார்கள். ஜெனிபர் கேமரா ஸ்லைடரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினாள். இருட்டிலிருந்து முகங்கள் எழும்பின. எதிரே உட்கார்ந்திருந்தவர்களின் முகங்கள். நடுவில் பொட்டு, பொட்டுக்கு அடியில், கைகட்டி, வாய் பிளந்து, குணா.

அவள் பொத்தானைத் தட்டினாள். குணா இரண்டானார். மறுபடி தட்டினாள். நான்கானார். ரகு விட்ட இடத்திலிருந்து அதே தாளத்தை அவள் விரல் பிடித்துக்கொண்டு போனது. சத்தமே இல்லாமல் திரை அடித்தது. அவள் தலையசைக்க, சாலமோன் கேமராவை முகம் முகமாக நகர்த்தினான்; ஒவ்வொரு தட்டுக்கும் புதிய முகங்கள் வட்டமாகச் சேர்ந்தன. ஒவ்வொரு முகத்தின் நெற்றியிலும் ஒரு பொட்டு. உருட்டுப் பிரிவுக்காரர்கள், கேன்டீன் பெண்கள், பீகார்ப் பையன்கள், வாட்ச்மேன், கடைசியாகத் தானா அது என்று விழித்த சாராள். தங்கள் முகம் வந்த இடத்தில் ஜனம் எழுந்து நின்றது. எங்கிருந்தோ ஒரு கை தாளம் போட ஆரம்பித்தது. பக்கத்துக் கை சேர்ந்தது. பிறகு ஷெட் முழுவதும் அவள் விரலோடு சேர்ந்து தட்டியது. அவள் வேகத்தைக் கூட்டினால் கூடியது, நிறுத்தினால் நின்றது, மறுபடி ஒரே ஒரு தட்டு தட்டினால், ஒரே ஒரு தட்டு திரும்பி வந்தது.

டீக்கு எழுந்தவர் நின்றபடியே தட்டிக்கொண்டிருந்தார்.

மேடையில் ஷஃபியுல்லாவுக்கு ஒரு தத்துவச் சிக்கல். இது கைதட்டலா, தாளமா? ஒப்பந்தத்தில் கைதட்டல் என்றுதான் இருந்தது. ஆனால் மைக்கைப் பிடித்திருந்த அவருடைய இன்னொரு கை, அவருக்குத் தெரியாமலே தொடையில் தட்டிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்த பிறகு அவர் யோசிக்கவில்லை.

"இவ்ளோ நேரம் ஒருத்தங்க வாசிச்சாங்க" என்றார். "அவங்க கையில இருக்கிறது மிஷினா, வாத்தியமான்னு இன்னிக்கு மத்தியானம் ஒரு கேள்வி வந்துச்சு. பொட்டு வச்ச பெரியவரே வாசின்னு உத்தரவு குடுத்துட்டாரு. நான் யாரு மறுக்கறதுக்கு? நம்ம கடற்காற்று இன்னிசைக் குழுவில... திரையில்..." இழுத்தார். கீபோர்டுக்கும் ட்ரம்ஸுக்கும் இழுப்பதை விட நீளமாகவே இழுத்தார். "ஜெனிபர்."

எல்லோருடைய பெயரையும் தங்க எழுத்தில் பூக்கவைத்தவள், தன் பெயருக்கு எழுத்து தயாரித்து வைக்கவில்லை. முன்கூட்டியே தயாரிப்பது ஆணவம் என்று விட்டிருந்தாள். திரையில் போட ஒன்றும் இல்லாமல் அவள் விழித்தபோது, சாலமோன் கேமராவைத் திருப்பினான். மாடி உயரத்துக்கு ஜெனிபர் எழுந்தாள். எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்று அதற்குள் அவனுக்குக் கை பழகியிருந்தது. பொட்டு நெற்றிக்கு நேராக வந்து நின்றது. போதும், திருப்பு என்று அவள் கையால் சைகை செய்தாள். ஃபிட்டர் சாலமோன் அன்று சைகை மொழியை அடியோடு மறந்திருந்தான்.

இந்தக் கைதட்டலில் ஷஃபியுல்லாவுக்கு எந்தச் சந்தேகமும் எழவில்லை.

கச்சேரி முடிந்து வயர்களைச் சுருட்டும்போது அவர் மேசைக்கு வந்தார். கேமராவின் கண்ணை எட்டிப் பார்த்தார்.

"ஞாயித்துக்கெழம பழவேற்காட்டுல நிக்காஹ் வரவேற்பு இருக்குது ஜெனி. மாப்பிள மூஞ்சி எனக்கு முழுசா வேணும். இத தொடச்சிடுவ இல்ல?"

"நாளைக்கு மறுபூஜ முடியட்டும்" என்றார் பின்னாலேயே வந்துநின்ற குணா. "அதுக்கு முன்னாடி யாரும் தொடக் கூடாது. நானே வந்து தொடச்சிக் குடுக்கறேன்."

ஜெனிபர் பொட்டில் படாமல் லென்ஸுக்கு மூடி போட்டாள்.

சற்றுத் தள்ளி, நாற்காலி வரிசையில், சாராளின் பக்கத்து இருக்கைக்காரி தன் சந்தேகத்தை மறுபடி கேட்டுக்கொண்டிருந்தாள். "அப்ப உங்க மருமவ அங்க குந்திக்கினு ரிமோட்டு அமுக்குதா?"

சாராள் தண்ணீர் பாட்டிலைப் பையில் போட்டாள். முந்தானையை இழுத்துச் செருகினாள்.

"இன்னா பேசற நீ?" என்றாள். "அது வாசிக்குது."